யாரும் கொல்லாத மீன்



ஒரு மீனை யாரும் தூண்டில் போட்டுப் பிடிக்கவில்லை. வலை வீசவில்லை. ஆற்றில் விஷம் கலக்கவில்லை. ஆனாலும் காலங்காலமாக அது இருந்த இடத்தில் இன்று அது இல்லை. தண்ணீர் சூடாகிவிட்டது, அவ்வளவுதான். இந்தப் பாவம் யார் கணக்கில் சேரும்?

சமய வகுப்பில் இப்படிக் கேட்டால், "கொன்னவன்தானே பாவி? கொன்னவனே இல்லேன்னா பாவமும் இல்லை" என்று சட்டென ஒரு பதில் வரும். அந்தப் பதிலோடு வகுப்பு முடிந்துவிடும். மீனின் கதை மட்டும் முடியாது. ஏனென்றால் இந்தக் காலத்தில் நடக்கும் பெரிய சேதங்களில் பல இப்படித்தான் நடக்கின்றன. அடித்த கை எது என்று காட்டவே முடியாது. அப்படிப்பட்ட சேதத்துக்கு நம் சமயத்தில் பதில் இருக்கிறதா, இல்லை "நம்ம வேலை இல்லை" என்று கையை உதறிவிட்டுப் போகலாமா? இருக்கிறது என்று நான் நம்புகிறேன். அதை நம்ம ஊர் ஆற்றை வைத்தே சொல்லப் பார்க்கிறேன்.

நம்ம ஆறு

நான் புக்கிட் செலம்பாவ் தோட்டப்புறத்தில் வளர்ந்தவன், இப்போது பொறியியல் படிக்கிறேன். எங்கள் ஊருக்குக் கிழக்கே ஓடுவது மூடா ஆறு. தாய்லாந்து எல்லையை ஒட்டிய உலு மூடா காட்டில் பிறந்து, சீக், ஜெனியாங் பக்கமாக இறங்கி, கோலக்கெட்டில் அருகே கெட்டில் ஆற்றையும் சேர்த்துக்கொண்டு, கடைசியில் கோல மூடாவில் கடலில் விழுகிறது. கடைசிப் பகுதியில் கெடாவுக்கும் பினாங்குக்கும் இந்த ஆறுதான் எல்லை. பினாங்கு மக்கள் குடிக்கும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஆற்றிலிருந்து எடுக்கப்படுவதுதான்.

நம்மில் பலர் பார்த்திருப்பது கீழ் ஆற்றை. பால் கலந்த தேநீர் நிறத்தில், அகலமாக, மெதுவாகப் போகும் தண்ணீர். மேல் ஆறு வேறு உலகம். பாறைகளுக்கு நடுவே, மரக்கிளைகள் இரண்டு பக்கமும் கவிந்து நிற்க, அடியில் கிடக்கும் கூழாங்கல் தெரியும் அளவுக்குத் தெளிவாக ஓடும். அப்படிப்பட்ட தண்ணீரில் வாழும் மீன்தான் கெலா. பெரிய பெரிய செதில், தடித்த உதடு, வெள்ளத்தை எதிர்த்து நிற்கும் உடம்பு. கரையோர மரங்களிலிருந்து விழும் அத்தி மாதிரியான பழங்களைத் தின்னும். தூண்டில்காரர்கள் இதை ஆற்று மீன்களின் ராஜா என்பார்கள். இதன் இனத்தில் சில வகை சந்தையில் கிலோ பல நூறு ரிங்கிட்டுக்குப் போகிறது.

அறிவியல் கணக்கில் கெலா 'குளிர்நீர் மீன்' கிடையாது. அந்தப் பெயர் ட்ரவுட், சால்மன் போன்ற குளிர்நாட்டு மீன்களுக்கு உரியது. தமிழ்நாட்டில் ட்ரவுட் வேண்டுமென்றால் நீலகிரி போன்ற உயர்ந்த மலைக்குத்தான் போக வேண்டும். அங்கே அவலாஞ்சியில் 1907-இல் வெள்ளைக்காரர்கள் ட்ரவுட் பொரிப்பகம் அமைத்தார்கள். தண்ணீர் 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் ட்ரவுட் திணற ஆரம்பிக்கும், 25-ஐ நெருங்கினால் உயிருக்கே ஆபத்து. நம் நாட்டு மீன்களுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. ஆனால் குளிர்ச்சி என்பது அவரவர் அளவில்தான். வெயில் நாட்டில் நிழலடியில் ஓடும் மலையோடையின் தண்ணீர்தான் நம்ம ஊரின் குளிர்நீர். கெலா மாதிரி மீன்கள் அதற்குப் பழகியவை. வெப்பமண்டல உயிர்களுக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. வருஷம் முழுக்கக் கிட்டத்தட்ட ஒரே வெப்பத்தில் வாழ்ந்து பழகியதால், அவற்றில் பல தாங்கக்கூடிய எல்லைக்குப் பக்கத்திலேயே ஏற்கெனவே நிற்கின்றன. இன்னும் இரண்டு மூன்று டிகிரி ஏறினால் ஒதுங்கிக்கொள்ள இடமில்லை.

சூடு எப்படிக் கொல்கிறது

இது நான் படிக்கும் பாடத்துக்குப் பக்கத்து வீடு என்பதால் கொஞ்சம் கணக்குச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

மீன் மூச்சு விடுவது தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜனை வைத்துத்தான். தண்ணீர் சூடாக ஆக, அதில் கரையும் ஆக்சிஜன் குறையும். கடல்மட்டத்தில், 20 டிகிரியில் ஒரு லிட்டர் நல்ல தண்ணீரில் அதிகபட்சம் சுமார் 9.1 மில்லிகிராம் ஆக்சிஜன் கரைந்து நிற்கும். 25 டிகிரியில் அது 8.3. 30 டிகிரியில் 7.6. இது வரவு.

செலவு எதிர்ப்பக்கம் போகிறது. மீன் நம்மைப் போல உடம்புச் சூட்டைத் தானே சீராக வைத்துக்கொள்ளும் பிராணி இல்லை. தண்ணீரின் சூடுதான் அதன் உடம்பின் சூடு. வெப்பம் 10 டிகிரி ஏறினால் அதன் உடம்புக்குத் தேவைப்படும் ஆக்சிஜன் ஏறக்குறைய இரண்டு மடங்காகும். ஆக, வரவு குறையும் அதே நேரத்தில் செலவு கூடுகிறது. மாடிப்படி ஏறி மூச்சு வாங்கும் ஒருத்தரின் மூக்கை இன்னொருத்தர் பாதி பொத்தியது மாதிரி.

இதில் மீன் உடனே மிதந்து சாகும் என்று நினைக்காதீர்கள். சில இடங்களில் அப்படியும் நடந்திருக்கிறது. வட அமெரிக்காவின் கொலம்பியா ஆற்றில் 2015 கோடையில் தண்ணீர் சூடேறி, முட்டையிட மேலே போய்க்கொண்டிருந்த சாக்காய் சால்மன் மீன்கள் சுமார் 250,000 வழியிலேயே செத்தன. அது உலகம் முழுக்கச் செய்தியானது. பெரும்பாலான ஆறுகளில் நடப்பது சத்தமில்லாத காரியம். மூச்சுக்கே பலம் போய்விடுவதால் மீன் வளர்வது குறையும். முட்டை குறையும். நோய் சுலபமாகத் தொற்றும். பலமுள்ளவை குளிர்ச்சி தேடி மேலே போகும். மேலே போக ஆறு இருக்கும் வரை போகலாம். மலை ஒரு இடத்தில் முடிந்துவிடும். நம்ம ஜெராய் மலையே 1,217 மீட்டர்தான், சமவெளிக்கு நடுவே தனியாக நிற்கிறது. அதன் ஓடையில் இருக்கும் மீனுக்கு அதற்கு மேலே போக வேறு மலை கிடையாது. பெரிய ஆறுகளில் குறுக்கே அணை நிற்கும். மூடா ஆற்றுப் படுகையிலேயே மூடா அணை உண்டு, 2004-இல் வந்த பெரிஸ் அணையும் உண்டு. அணை நமக்குத் தண்ணீர் தருகிறது, அதைக் குறை சொல்லவில்லை. ஆனால் நீந்தி மேலே போகும் மீனுக்கு அது சுவர்.

இன்னொன்று. காலியான இடம் காலியாகவே இருக்காது. திலாப்பியா, கெளுத்தி போன்ற, சூடும் குறைந்த ஆக்சிஜனும் தாங்கும் மீன்கள் வந்து நிரப்பிவிடும். பாலத்தில் நின்று பார்க்கிறவர், "மீனு நெறைய இருக்கே, என்ன குறை?" என்பார். இழப்பு நடந்ததே தெரியாது. போனது எது என்று தெரிந்தவர்களும் ஒவ்வொருவராகக் காலமாகிவிடுவார்கள். தோட்டத்துப் பெரியவர் ஒருவர் என்னிடம் சொன்னார்: "அப்பல்லாம் காலையில ஆத்துல எறங்குனா பல்லு கிட்டிக்கும்டா தம்பி." வெப்பமானி வைத்து யாரும் அந்த நாளில் அளந்து வைக்கவில்லை. அவர் பல்தான் அளவுகோல்.

நிழலை எடுத்தது யார்?

ஆறு ஏன் சூடாகிறது? காற்றின் சூடு ஒரு காரணம். பூமி முழுவதும் சூடேறிக்கொண்டிருப்பது எல்லாருக்கும் தெரியும். சின்ன ஓடைகளுக்கு அதைவிடப் பக்கத்தில் இருக்கும் காரணம் ஒன்று உண்டு. வெயில் நேராகத் தண்ணீரில் விழுவது. கரையில் மரம் இருக்கும் வரை அந்த வெயிலை இலைதான் வாங்கிக்கொள்கிறது. மரம் போனால் தண்ணீர் வாங்குகிறது. கூடவே மழைக்கு மண் கரைந்து தண்ணீர் கலங்கும். கலங்கிய தண்ணீர் வெயிலை இன்னும் இழுக்கும்.

இந்தோனேசியாவின் மேற்கு கலிமந்தானில் ஓடைகளை அளந்து 2014-இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. புதிதாகத் திறந்துவிட்ட நிலத்திலும் இளம் செம்பனைத் தோட்டங்களிலும் ஓடும் ஓடைகள், காட்டு ஓடைகளைவிட ஏறக்குறைய 4 டிகிரி சூடாக இருந்தன. உலக நாடுகள் மாநாடு போட்டுப் பேசுவது ஒன்றரை டிகிரியைப் பற்றி. ஒரு ஓடையின் கரையை வழித்தால் நாலு டிகிரி.

இப்போது நம்ம ஊர்க் கதைக்கு வாருங்கள். கெடாவின் இந்தப் பகுதி முதலில் காடு. பிறகு பால்மரத் தோட்டம். பிறகு பெரும்பகுதி செம்பனை. செம்பனையையும் சுமார் 25 வருஷத்துக்கு ஒரு முறை அழித்து மறுநடவு செய்வார்கள், அப்போது நிலம் முழுக்கத் திறந்து கிடக்கும். காட்டை அழித்தது யார்? கத்தியும் கோடரியும் பிடித்த கைகளில் நம் பாட்டன் பூட்டன் கைகளும் உண்டு. ஆனால் அழிக்கச் சொன்னது அவர்கள் இல்லை. அவர்களே கப்பலில் கொண்டுவரப்பட்டவர்கள். லாபமும் அவர்களுக்குப் போகவில்லை, லயத்து வீடுகூட அவர்களுக்குச் சொந்தமாகவில்லை. உத்தரவு போட்டவர்கள் கப்பலேறிப் போய்விட்டார்கள். பிறகு வந்த முதலாளிகள் ஏற்கெனவே திறந்து கிடந்த நிலத்தை வாங்கினார்கள். செம்பனை எண்ணெயில் பொரித்த வடையை நாம் எல்லாரும் சாப்பிடுகிறோம்.

ஆக, "யார் பாவி?" என்று தேடிக்கொண்டு போனால் எல்லார் பக்கமும் விரல் திரும்பும், எங்கும் நிற்காது. கூலிக்கு வெட்டியவரைப் பாவி என்றால் அநியாயம். எல்லாரும் பாவி என்றால் யாருமே பாவி இல்லை என்று சொன்னதற்குச் சமம். கேள்வியையே கொஞ்சம் மாற்றிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

கொல்லாமை மட்டும் போதுமா?

நம் சமயத்தில் மீனைக் காப்பாற்றும் வழக்கம் புதிதல்ல. கர்நாடகத்தில் சிருங்கேரியில் துங்கை ஆற்றுப் படித்துறையில் பெரிய பெரிய மீன்கள் கூட்டமாக வரும். பக்தர்கள் பொரி போடுவார்கள். அங்கே யாரும் மீன் பிடிப்பதில்லை. அந்த மீன்களில் 'மஹசீர்' வகையும் உண்டு. அது நம்ம கெலாவுக்கு நெருங்கிய சொந்தம், இரண்டும் 'டோர்' என்ற ஒரே பேரினம். சட்டம் வருவதற்கு முன்னாலேயே பக்தி அந்தப் படித்துறையில் காவல் நின்றிருக்கிறது. இது நாம் பெருமைப்பட வேண்டிய விஷயம்.

ஆனால் அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு மீன் காவிரி ஆற்றுப் படுகையில் மட்டும் வாழும் திமில் மஹசீர். அது அற்றுப்போகும் விளிம்பில் நிற்பதாக 2018-இல் உலக இயற்கைப் பாதுகாப்பு ஒன்றியம் பட்டியலிட்டது. அணை, மணல் அள்ளுதல், வெளியிலிருந்து கொண்டுவிட்ட வேறு வகை மஹசீர், வெடி வைத்துப் பிடித்தல் என்று பல காரணங்கள். தூண்டிலைத் தடுத்தால் தூண்டிலால் சாகும் மீன் பிழைக்கும். இடமே கெட்டுப்போனால், தூண்டில் இல்லாத ஆற்றிலும் மீன் பிழைக்காது.

கொல்லாமை என்று நாம் சொல்லும்போது ஒரு கையை மனத்தில் வைத்துச் சொல்கிறோம். கத்தியை ஓங்காதே, கல்லை எறியாதே. அது அவசியம், அதில் எனக்கு மாற்றுக்கருத்து இல்லை. ஆனால் வெயில் கையை ஓங்குவதில்லை. சூடாகும் ஆற்றில் கொல்லாமை விரதம் இருக்கும் ஊரும் மீனை இழக்கும், அசைவ ஊரும் இழக்கும். சைவச் சாப்பாடு சாப்பிட்டுவிட்டு, "நான் ஒரு உயிருக்கும் தீங்கு செய்யலை" என்று நிம்மதியாகத் தூங்க ஆறு நம்மை விடாது.

அடுப்பும் தண்ணீர்க் குடமும்

இந்த இடத்தில்தான் நம் முன்னோர் யோசித்த விதம் எனக்கு ஆச்சரியமாக இருக்கிறது. பழைய தர்ம நூல்கள் 'பஞ்ச சூனை' என்று ஒன்றைச் சொல்கின்றன. சூனை என்றால் கொலைக்களம். ஒவ்வொரு வீட்டிலும் ஐந்து கொலைக்களங்கள் உண்டாம். அடுப்பு, அம்மி, துடைப்பம், உரல், தண்ணீர்க் குடம். சமைக்கும்போதும் அரைக்கும்போதும் கூட்டும்போதும் நமக்குத் தெரியாமலே சின்னச் சின்ன உயிர்கள் சாகின்றன. யாரும் வேண்டுமென்று கொல்லவில்லை. அதற்காக யாரும் சமைக்காமல் இருக்கவும் முடியாது.

கவனியுங்கள், நாம் ஆரம்பத்தில் கேட்ட கேள்வி இதுவேதான். கொல்லும் எண்ணம் இல்லை, கொன்ற கை என்று காட்டவும் முடியாது, ஆனால் உயிர் போகிறது. அந்த நூல்கள் "வேணும்னு செய்யலையே, விடு" என்று சொல்லவில்லை. "நீ மகாபாவி, அழு" என்றும் சொல்லவில்லை. தினமும் ஐந்து கடன் செய் என்றன. ஓதுதல், தேவர்களுக்கு, முன்னோருக்கு, விருந்தினருக்கு, கடைசியாகப் பிற உயிர்களுக்கு. இந்தக் கடைசிக்குப் பெயர் பூத யக்ஞம். காக்கைக்கு வைக்கும் சோறு, எறும்புக்கென்று வாசலில் அரிசி மாவுக் கோலம் எல்லாம் இந்தக் குடும்பத்து வழக்கங்கள்தான்.

இதில் இரண்டு விஷயம் எனக்கு முக்கியமாகப் படுகிறது. ஒன்று, வாழ்வதே பிற உயிருக்கு ஒரு செலவு என்று அந்தச் சிந்தனை நேர்மையாக ஒத்துக்கொள்கிறது. இரண்டு, குற்றவாளியைத் தேடுவதோடு நிற்காமல் பாக்கியைக் கேட்கிறது. பாவத்தைப் பற்றிப் பேசினால் மனிதர் தப்பிக்க வழி தேடுவார். பாக்கி என்று சொன்னால் எவ்வளவு என்று கேட்பார். கடைக்காரரிடம் கடன் வைத்த வீட்டில் யார் வாங்கிச் சாப்பிட்டது என்று விசாரணை வைத்துக்கொண்டிருக்க முடியாது. வீட்டுக் கணக்கு, வீட்டில் சம்பாதிப்பவர் கட்ட வேண்டும். அதிகம் சம்பாதிப்பவர் அதிகம் கட்ட வேண்டும்.

அன்றைய வீட்டுக்கு அடுப்பும் அம்மியும் கொலைக்களம். நம் வீடு இன்று அதைவிடப் பெரிது. ஏர்கான் மின்சாரம், மோட்டார் எண்ணெய், செம்பனைத் தோட்டம், தண்ணீர்க் குழாய் எல்லாம் அதற்குள் வந்துவிட்டன. அந்தப் பட்டியலில் தண்ணீர்க் குடத்தை அன்றே சேர்த்திருக்கிறார்கள். இன்று நம் தண்ணீர்க் குடத்தின் அளவு ஒரு ஆறு.

சத்தியவிரதனின் கமண்டலம்

சரி, மீனுக்கு என்ன பாக்கி? பொரி போட்டால் தீருமா?

மச்ச அவதாரக் கதை உங்களுக்குத் தெரியும். பாகவதத்தில் வரும் வடிவத்தில், திராவிட நாட்டு அரசன் சத்தியவிரதன் கிருதமாலா ஆற்றில் நின்று கைநீரால் தர்ப்பணம் செய்கிறான். கையில் ஒரு குஞ்சு மீன் வருகிறது. மதுரை வையையோடு சேர்த்துச் சொல்லப்படும் ஆறு அது, நம் முன்னோர் நாட்டு ஆறு. அவன் மீனைத் திரும்ப விடப் போகிறான். மீன் பேசுகிறது: பெரிய மீன்கள் என்னைத் தின்றுவிடும், என்னைக் காப்பாற்று.

அரசன் அதைக் கமண்டலத்தில் விடுகிறான். ஒரு இரவில் மீன் கமண்டலத்தை நிறைத்துவிடுகிறது. இடம் போதவில்லை என்கிறது. பெரிய பானைக்கு மாற்றுகிறான். போதவில்லை. குளம், ஏரி, கடைசியில் கடல்.

வழக்கமாக நாம் இந்தக் கதையைப் பிரளயத்துக்காகவும் தெய்வத்தின் மகிமைக்காகவும் சொல்கிறோம். அது சரி. எனக்கு அதற்கு முந்திய பகுதியும் முக்கியம். அந்த மீன் ஒரு தடவைகூட சாப்பாடு கேட்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கேட்டது இடம். அரசனும் "ஏற்கெனவே காப்பாத்திட்டேனே" என்று சொல்லவில்லை. அடைக்கலம் கொடுப்பது என்றால் வாழக்கூடிய இடத்தைக் கொடுப்பது என்று அவன் புரிந்துகொண்டான். அப்படிப் பார்த்தால் கெலாவுக்கு நாம் பட்டிருக்கும் பாக்கி இரண்டு. நிழல், மேலே போக வழி.

குளத்தில் வளர்த்தால் ஆகாதா என்று கேட்கலாம். கெலாவைப் பண்ணையில் வளர்க்கிறார்கள், குஞ்சு பொரிக்கவும் செய்கிறார்கள். நல்ல முயற்சி. ஆனால் அது கமண்டலம். ஆறு சரியாகும் வரை வைத்திருக்கலாம். கமண்டலத்திலேயே வைத்துக்கொண்டு மீனைக் காப்பாற்றிவிட்டோம் என்று சொன்னால், சத்தியவிரதன் முதல் இரவோடு நிறுத்திவிட்ட மாதிரி.

எதிர்க்கேள்விகள்

இதைப் பற்றி எங்கள் இளைஞர் வகுப்பில் பேசியபோது ஒரு தம்பி எழுந்து கேட்டான்: "அண்ணே, நம்ம ஜனங்களுக்கே வீடு இல்லை, வேலை இல்லை. இதுல மீனுக்கு வேற அழணுமா?"

நியாயமான கேள்வி. அவனை யாரும் அடக்கவில்லை. நான் சொன்னது இது. உலு மூடா காட்டுப் பகுதி சுமார் 160,000 ஹெக்டர். கெடாவின் நெல்வயலுக்கும், கெடா, பினாங்கு, பெர்லிஸ் மக்களின் குழாய்க்கும் தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது. மீனுக்கு நிழல் தரும் அதே மரம்தான் மழையைப் பிடித்து வைத்து நமக்குச் சிறுகச் சிறுக விடுகிறது. அங்கே மரம் வெட்டுவது பற்றி எத்தனையோ வருஷமாகச் சர்ச்சை. தண்ணீர் நின்றால் முதலில் கஷ்டப்படப் போவது தொட்டி வாங்கி வைக்க முடியாத வீடு. மீன் நமக்குப் போட்டி இல்லை. ஆறு கெடுவதை நமக்கு முன்னால் உணர்வது அதுதான்.

ஆனால் இந்தப் பதிலோடு நிறுத்த எனக்கு விருப்பமில்லை. நமக்கு உபயோகம் என்பதற்காக மட்டும் மீனைக் காப்பாற்றினால், உபயோகம் இல்லாத நாளில் கைவிட்டுவிடுவோம். உபயோகம் இருக்கும் வரை வைத்துக்கொண்டு, பிறகு "தோட்டம் வித்தாச்சு, வீட்டைக் காலி பண்ணு" என்று சொல்வது எப்படி இருக்கும் என்று தோட்டத்துப் பிள்ளைகளுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். நம் பெரியவர்கள் அனுபவித்திருக்கிறார்கள். ஒரு உயிரின் மதிப்பை அது தரும் லாபத்தை வைத்துக் கணக்கிடுவது எவ்வளவு கொடுமை என்று நம் சமூகத்துக்குத் தெரியும். தெரிந்தவர்கள் அதையே மீனிடம் செய்யக் கூடாது.

இன்னொரு தோழி கேட்டது வேறு மாதிரி. நீலகிரி ட்ரவுட் அந்த மண்ணின் மீனே இல்லை, வெள்ளைக்காரன் பொழுதுபோக்குக்குத் தூண்டில் போடக் கொண்டுவந்தது. அது சூட்டில் போனால் போகட்டுமே? இது சுலபமான கேள்வி இல்லை. கொண்டுவந்த மீனால் மண்ணின் மீன் அழிந்தால், மண்ணின் மீன் பக்கம்தான் நிற்க வேண்டும். திமில் மஹசீருக்கு நடந்ததில் அதுவும் ஒரு பங்கு. ஆனால், "வந்தேறி, ஆகையால் செத்தால் பரவாயில்லை" என்ற வாதத்தை நம் வாயால் சொல்ல என்னால் முடியாது. யாரோ ஒருவரின் தேவைக்காக, கேட்காமல், கடல் தாண்டிக் கொண்டுவரப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் நாம். ட்ரவுட்டைப் புதிய ஓடைகளில் விட வேண்டாம் என்று சொல்லலாம். அதன் சாவைக் கைதட்டிப் பார்க்க வேண்டாம்.

மூன்றாவது கேள்வி எனக்கு நானே கேட்டது. உலகமே சூடாகும்போது, புக்கிட் செலம்பாவில் நாலு மரம் நட்டு என்ன ஆகப் போகிறது? இதற்குப் பொறியியல்தான் பதில் சொல்கிறது. ஆற்றின் சூட்டில் காற்றின் பங்கு ஒன்று, நேர் வெயிலின் பங்கு ஒன்று. முதலாவது பெரிய நாடுகள் சேர்ந்து தீர்க்க வேண்டியது. இரண்டாவது கரையில் தீர்வது. கலிமந்தான் கணக்கைத் திருப்பிப் படியுங்கள். நிழலை எடுத்ததால் ஏறியது நாலு டிகிரி என்றால், நிழலைத் திரும்பக் கொடுப்பதால் இறங்கக்கூடியதும் சின்ன அளவு இல்லை. நம் பங்கை நாம் கட்டினால், பெரியவர்கள் அவர்கள் பங்கைக் கட்டும் வரை மீன் உயிரோடு காத்திருக்கும்.

எவ்வளவு பாக்கி?

பாக்கி என்று சொன்னால் தொகை சொல்ல வேண்டும். நம் நாட்டு வடிகால், நீர்ப்பாசனத் துறையின் வழிகாட்டியே ஒரு அளவு வைத்திருக்கிறது. 40 மீட்டருக்கு மேல் அகலமான ஆற்றுக்கு ஒவ்வொரு கரையிலும் 50 மீட்டர் ஒதுக்க வேண்டும். அகலம் குறையக் குறைய ஒதுக்கும் அளவும் குறையும். 5 மீட்டருக்கும் குறைந்த ஓடைக்கு 5 மீட்டர். ஐந்து மீட்டர் என்பது பெரிய மனிதர் எட்டு வைத்தால் ஆறேழு எட்டு. அந்த இடத்தில் செம்பனை வேண்டாம், கொட்டகை வேண்டாம், குப்பை வேண்டாம். மரம் இருக்கட்டும். பெரிய நிலம் வைத்திருப்பவரிடம் இதைச் சட்டமாகக் கேட்க வேண்டும், ஏனென்றால் அவர் கணக்கு பெரிது. மாநில அரசிடம் உலு மூடாவைக் கேட்க வேண்டும். ஓட்டுப் போடும் வயதில் இருக்கும் நாம் அதைக் கேட்பதும் பூத யக்ஞம்தான்.

சின்னக் கணக்கு நம்முடையது. கெடாவில் ஓடைக்கரையில், ஆற்றங்கரையில் இருக்கும் கோயில்கள் கொஞ்சமா? மூர்த்தி, தலம், தீர்த்தம் மூன்றும் சேர்ந்தால்தான் கோயில் என்று சொல்லிக் கொடுக்கிறோம். பூஜாங் பள்ளத்தாக்கில் புக்கிட் பத்து பஹாட் சண்டியைப் பார்த்திருப்பீர்கள். ஜெராய் மலையடிவாரத்தில், ஓடும் ஓடையை ஒட்டி அந்தக் கோயிலைக் கட்டியவர்கள் தண்ணீரைத் தெரியாமல் தேர்ந்தெடுத்திருக்க மாட்டார்கள். இன்று நாம் மூர்த்திக்குக் கும்பாபிஷேகம் செய்கிறோம், தலத்துக்கு டைல்ஸ் போடுகிறோம், தீர்த்தத்தை மறந்துவிடுகிறோம். சில இடங்களில் வாகனம் நிறுத்த வசதியாக ஓடைக்கரை மரங்களை வெட்டி சிமெண்டு போட்டும் விடுகிறோம். ஒவ்வொரு கோயிலும் தன் எல்லைக்குட்பட்ட கரையில் நிழல் மரம் வளர்த்தால், அத்தியோ மூங்கிலோ அந்த மண்ணுக்குரிய எதுவோ, தலவிருட்சம் தீர்த்தத்தைக் காக்கும். அத்திப் பழம் விழுந்தால் மீனுக்குச் சாப்பாடும் ஆச்சு. நாம் போடும் பொரியைவிட அது நல்ல சாப்பாடு.

சபாவில் 'தாகால்' என்று ஒரு முறை இருக்கிறது. ஆற்றின் ஒரு பகுதியை ஊர் மக்களே காவல் காத்து, குறிப்பிட்ட காலம் யாரும் மீன் பிடிக்காமல் விடுவார்கள். கெலா இன மீன்கள் அங்கே மனிதர் காலை உரசும் அளவுக்குப் பெருகியிருக்கின்றன. கடசான் டூசுன் மக்களின் பழைய வழக்கத்துக்கு மாநிலச் சட்டமும் துணைக்கு வந்தது. அவர்கள் செய்ததைக் கோயில் நிர்வாகமும் இளைஞர் இயக்கமும் இருக்கும் நாம் செய்ய முடியாதா?

ஆடி மாதம் வந்தால் கரகம் ஜோடிக்க ஆற்றங்கரைக்குப் போவோம். வேப்பிலை கட்டி, உடுக்கை அடித்து, குடத்தில் தண்ணீர் மொண்டு, அந்தத் தண்ணீரைத் தாய் என்று சொல்லித் தலையில் தூக்கி வருவோம். இந்த வருஷம் மொள்ளும்போது ஒரு நிமிஷம் தலையைத் தூக்கிப் பாருங்கள். மேலே இலை தெரிகிறதா, வெறும் வானம் தெரிகிறதா? வானம் தெரிந்தால் பாக்கி இன்னும் கட்டவில்லை என்று அர்த்தம். மரக்கன்றோடு மறுநாள் வாருங்கள்.